கைதிங்கள வச்சு காட்டுத்தீ அணைக்கிறது சரியா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன்னு ரெண்டு பெரிய தீ ஒரே நேரத்துல எரிஞ்சப்போ, ஆரஞ்சு கலர் ட்ரெஸ் போட்டவங்க மலைச்சரிவுல வரிசையா நின்னு மண்ணை வெட்டுற வீடியோ எல்லார் போனுக்கும் வந்துச்சு. இவங்க ஜெயில் கைதிங்கன்னு தெரிஞ்ச உடனே ஒரு பக்கம் "ஐயோ பாவம்", இன்னொரு பக்கம் "நல்ல ஐடியாவா இருக்கே"ன்னு ரெண்டு விதமா பேச்சு ஆரம்பிச்சுது. அப்பத்துல இருந்து இத பத்தி யார்கிட்ட பேசினாலும் அதே கேள்விங்க தான் வருது, அதனால கேக்கறவங்க கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் கூடவே போட்டுருக்கேன். பெரும்பாலும் கலிஃபோர்னியா பத்தி தான், ஏன்னா இத பெரிய அளவுல பல வருஷமா பண்றது அவங்க தான்.

நிஜமாவே கைதிங்கள அனுப்புறாங்களா, இல்ல வாட்ஸ்அப் கதையா?

நிஜம். புதுசும் கிடையாது. ரெண்டாம் உலகப்போர்ல ஆம்பளைங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டதால காட்டு வேலைக்கு ஆள் இல்லாம போச்சு, அந்த இடத்தை நிரப்பத்தான் கைதிங்கள கொண்டு வந்தாங்க. 1946ல ரெயின்போங்குற இடத்துல நிரந்தரமா ஒரு கேம்ப் திறந்தாங்க, அதுக்கப்புறம் அது வளர்ந்துட்டே போச்சு. இப்ப கலிஃபோர்னியாவுல 25 கவுண்ட்டியில (கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 35 கேம்ப் இருக்கு, ஜெயில் துறை ஒரு பக்கம், கால் ஃபயர்னு சொல்ற மாநில தீயணைப்புத் துறையும் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்ட்டி தீயணைப்புத் துறையும் இன்னொரு பக்கம்னு சேர்ந்து நடத்துறாங்க. பெண் கைதிங்களுக்கும் கேம்ப் உண்டு.

2025 ஜனவரி தீயில மட்டும் ஆயிரம் பேருக்கு மேல இறக்குனாங்க. முன்னாடியெல்லாம் கேம்ப்ல இருந்தவங்க எண்ணிக்கை இன்னும் ரொம்ப ஜாஸ்தி. சின்னக் குத்தத்துக்கு மாநில ஜெயில்ல போடுறத குறைச்சதால கேம்ப்புக்கு ஏத்த ஆளுங்க கம்மியாயிட்டாங்க. 2020ல கோவிட் வந்து நிறைய பேரை முன்கூட்டியே விட்டப்போ, கேம்ப்புக்கு ஆள் அனுப்புற சென்டர்லயும் தொத்து பரவினப்போ, தீ சீசன்ல க்ரூ, அதாவது களத்துல இறங்குற குழு, பத்தலன்னு மாநிலமே திண்டாடுச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

அங்க போய் என்ன தான் பண்றாங்க? ஹோஸ் புடிச்சு தண்ணி அடிக்கிறாங்களா?

பெரும்பாலும் தண்ணியே கிடையாது. லாரி போக முடியாத மலையில தீயை நிறுத்தணும்னா தீக்கு முன்னாடி எரியறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஒரு பாதையை வெட்டணும். பத்து பதினஞ்சு பேர் ஒரு க்ரூ. முதல்ல செயின்சா வச்சிருக்கறவன் புதரையும் மரத்தையும் அறுத்துட்டே போவான், அவன் பின்னாடியே ஒருத்தன் அறுத்ததை இழுத்து தூரப் போடுவான், அதுக்குப் பின்னாடி கோடாலியும் மம்முட்டியும் சேர்ந்த மாதிரி இருக்குற புலாஸ்கியால வேரை வெட்டுறவங்க, கடைசியா மெக்லியாட்ங்குற பெரிய பல் வச்ச கருவியால சருகு, வேர் எல்லாத்தையும் சுரண்டி வெறும் மண்ணு தெரியற வரைக்கும் இழுக்குறவங்க. முதுகுல பை, அதுல தண்ணி, சாப்பாடு, தீ சுத்தி வளைச்சிட்டா உள்ள படுத்துக்குற அலுமினியக் கூடாரம். ஒருத்தன் வீசுற கருவி இன்னொருத்தன் மேல படாத அளவு இடைவெளி விட்டு மணிக்கணக்குல நடந்துகிட்டே வெட்டணும், ஷிஃப்ட் 24 மணி நேரம்.

தீ அடங்கின அப்புறம் அணையாத நெருப்புக் கங்குகளைத் தோண்டித் தோண்டி அணைக்கிறதும் இவங்க வேலை தான். தீ இல்லாத நாள்ல புதர் வெட்டுறது, வெள்ளம் வந்தா மணல் மூட்டை அடுக்குறதுன்னு ஏதாவது இருந்துட்டே இருக்கும்.

கொலைகாரன், கொள்ளைக்காரன்னு யார வேணாலும் காட்டுல விட்டுருவாங்களா?

இல்ல. ஜெயில்லயே குறைஞ்ச பாதுகாப்பு போதும்னு முடிவு பண்ணின ஆளா இருக்கணும், தண்டனையில 8 வருஷமோ அதுக்குக் கம்மியாவோ பாக்கி இருக்கணும், உடம்பு ஃபிட்டா இருக்கணும். தீ வச்ச கேஸ், பாலியல் குத்தம், ஜெயில்ல இருந்து தப்பி ஓடினது இதெல்லாம் இருந்தா எடுக்க மாட்டாங்க. அடிதடி மாதிரி கேஸ்ல உள்ள போனவங்க சிலர் இருப்பாங்க, ஆனா பல வருஷம் ஒழுங்கா இருந்து தன்னோட பாதுகாப்பு லெவலை குறைச்சுகிட்டு வந்தவங்களா தான் இருப்பாங்க.

இன்னொண்ணு, இந்த கேம்ப் நிறைய இடத்துல சுத்தி பெரிய மதில், முள்வேலி எதுவுமே இல்லாம இருக்கும். கையில செயின்சாவையும் கோடாலியையும் குடுத்து ஊர் நடுவுல மாநிலமே நிறுத்துது. இவ்வளவு நம்பலாம்னா இவங்க எதுக்கு இன்னும் உள்ள இருக்காங்கன்னு கேக்கறவங்க இருக்காங்க, எனக்கும் அது நியாயமான கேள்வின்னு தான் தோணுது.

சம்பளம் எவ்வளவு? ஒரு டாலர்னு ஒருத்தர் சொன்னாரு, பத்து டாலர்னு இன்னொருத்தர் சொல்றாரு

ரெண்டு பேரும் பாதி சரி. 2025 தீ நேரத்துல இருந்த கணக்கு இது: க்ரூல அவங்க வேலையைப் பொறுத்து ஒரு *நாளைக்கு* 5.80 டாலர்ல இருந்து 10.24 டாலர் வரை, அது போக தீ எரியும்போது வேலை பாத்தா *மணிக்கு* 1 டாலர் கூடுதல். 24 மணி நேர ஷிஃப்ட்னா மிஞ்சிப் போனா ஒரு நாளைக்கு 34 டாலர் பக்கம் வரும், நிறைய பேருக்கு அதைவிடக் கம்மி. அதே நேரம் கலிஃபோர்னியாவுல வெளிய எந்தக் கடையில வேலை பாத்தாலும் மணிக்கு 16.50 டாலர் குறைஞ்சபட்ச கூலி. அதாவது மத்தவங்க ரெண்டு மணி நேரத்துல எடுக்குற காசை இவங்க தீக்குப் பக்கத்துல ஒரு நாள் ஒரு ராத்திரி நின்னு எடுத்தாங்க.

அந்த வீடியோக்களும் அதைச் சுத்தி வந்த சத்தமும் வீண் போகல. ஐசக் பிரையன்ங்குற சட்டசபை உறுப்பினர் கொண்டு வந்த மசோதாவுல 2025 அக்டோபர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்டாரு, அதுப்படி தீ அணைக்குற நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர். இது அமெரிக்க மத்திய அரசோட குறைஞ்சபட்ச கூலி, மாநிலத்தோடது இல்ல. முதல்ல அந்த மசோதாவுல 19 டாலர்னு இருந்துச்சு, பேசிப் பேசிக் குறைச்சுட்டாங்க. முன்ன இருந்ததுக்கு இது பெரிய முன்னேற்றம் தான், மறுக்கல, ஆனா பக்கத்துல அதே மண்ணை வெட்டுறவன் வாங்குறதுல பாதிக்கும் கீழ.

காசு தான் கம்மி, வேற எதாவது கிடைக்குமா?

கிடைக்கும், அது தான் நிறைய பேரை இழுக்குது. க்ரூல இருக்குற பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள் வேலை பாத்தா தண்டனையில 2 நாள் கழியும். கேம்ப்லயே சமையல், பராமரிப்புன்னு இருக்கறவங்களுக்கு 1 நாள். அது போக சாப்பாடு ஜெயிலை விட நல்லா இருக்கும், திறந்த வெளி, பொண்டாட்டி புள்ளைங்க வந்தா கண்ணாடிக்குப் பின்னாடி இல்லாம ஒரு மேசையில உக்காந்து பேசலாம், ஜெயிலுக்குள்ள இருக்குற கேங் சண்டை தொந்தரவு கம்மி.

தப்பு பண்ணிட்டு உள்ள போனவன், அவனுக்கு எதுக்குங்க சம்பளம்? சோறு போடுறதே பெருசு

அதிகமா வர்ற கேள்வி இது, கேக்கறவங்க கெட்டவங்களும் இல்ல, வரி கட்டுறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆனா கோர்ட் என்ன தண்டனை குடுத்துச்சுன்னு பாருங்க: இத்தனை வருஷம் வெளிய போகக்கூடாது. அது தான் தண்டனை. உயிரைப் பணயம் வச்சு தீ அணைக்கணும்னு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதல. அப்ப தீ அணைக்கிறது தண்டனைக்குள்ள வராது, அது வேலை. வேலைன்னு ஆன அப்புறம் அதுக்கு உண்டான கூலி, பாதுகாப்பு, அடிபட்டா நஷ்டஈடு எல்லாம் பேசித்தான் ஆகணும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. 2015ல ஐநா பொதுச்சபை ஏத்துகிட்ட நெல்சன் மண்டேலா விதிகள்னு கைதிகள நடத்துறதுக்கான குறைஞ்சபட்ச விதிமுறை இருக்கு. கைதி வேலைக்கு நியாயமான ஊதியம் குடுக்கணும், வெளிய இருக்குற தொழிலாளிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு உள்ளயும் இருக்கணும், வேலையில அடிபட்டா குடுக்குற நஷ்டஈடு வெளி ஆளுக்குக் குடுக்குறதுக்குக் குறையக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாயப்படுத்துற விதி இல்ல, ஆனா எது நியாயம்னு உலகம் பேசி முடிச்ச ஒரு அளவு அது.

அப்ப பாதிக்கப்பட்டவங்க கதி? அவங்களுக்கு என்ன கிடைக்குது?

நல்ல கேள்வி, இதுக்கு பதில் பல பேர் நினைக்கிறதுக்கு நேர் எதிர். கலிஃபோர்னியாவுல கோர்ட் ஒரு கைதியை பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கட்டச் சொல்லியிருந்தா அவன் உள்ள சம்பாதிக்கிறதுல பாதியை அதுக்குன்னு பிடிச்சுக்குவாங்க. ஒரு நாளைக்கு 6 டாலர் சம்பாதிக்கிறவன்கிட்ட பாதி பிடிச்சா 3 டாலர், அதுல யாருக்கு என்ன ஈடு செய்ய முடியும்? கூலி உயர்ந்தா பாதிக்கப்பட்டவங்க கைக்குப் போறதும் உயரும், வெளிய இருக்குற அவன் குழந்தைக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். கூலியைக் குறைச்சு வைக்கிறதால பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்ல, மிச்சம் பூரா மாநில பட்ஜெட்டுக்கு.

யாரும் கட்டாயப்படுத்தல, அவங்களே எழுதிக் குடுத்து தான் போறாங்க. அப்புறம் என்ன பிரச்சனை?

எழுதிக் குடுத்து தான் போறாங்க, உண்மை. கேம்ப்புக்கு வர மாட்டேன்னா யாரும் இழுத்துட்டுப் போறதில்ல. இந்த விஷயத்துல எழுதறவங்க சிலர் அத மறைச்சிட்டு எழுதுறாங்க, அது சரி இல்ல.

ஆனா எந்த நிலைமையில நின்னு சரின்னு சொல்றாங்கன்னு பாக்கணும். கலிஃபோர்னியா ஜெயில்ல உடம்பு நல்லா இருக்குற ஒவ்வொரு கைதியும் ஏதாவது வேலை செய்யணும்ங்கறது சட்டம். அந்த வேலைக்கு 2024ல கொஞ்சம் ஏத்துறதுக்கு முன்னாடி வரை மணிக்கு 8 சென்ட்ல இருந்து 37 சென்ட் தான், ஒரு டாலருக்கு 100 சென்ட், கணக்கு போட்டுக்கோங்க. நெரிசல், அடிதடி, புள்ளைய பாக்க முடியாத தூரம். இன்னொரு பக்கம் கேம்ப்: நல்ல காத்து, நல்ல சாப்பாடு, சீக்கிரம் வீடு. வெளிய ஒரு முதலாளி கம்மி சம்பளம் குடுத்தா உன் வறுமைக்கு அவன் காரணம் இல்லன்னு வாதாடலாம். இங்க அந்த வாதம் நிக்காது, ஏன்னா ஜெயிலை இப்படி மோசமா வச்சிருக்கறதும் மாநிலம் தான், அதுல இருந்து தப்பிக்க தீக்குப் போன்னு வழி காட்டுறதும் அதே மாநிலம் தான். ரெண்டு பக்கத் தராசும் ஒருத்தர் கையில. அவங்க சம்மதம் பொய்ன்னு நான் சொல்லல, மனசார தான் சம்மதிக்கிறாங்க. ஆனா "சம்மதிச்சுட்டான்ல"ன்னு சொல்லி எவ்வளவு கம்மியா வேணும்னாலும் குடுக்கலாம்னு மாநிலம் நினைக்க முடியாது, பேரம் பேச முடியாத ஆள்கிட்ட பேசும்போது நியாயமான விலையை நாமளே வைக்கணும்.

அடிமைத்தனம்னு சொல்றது ரொம்ப ஓவர் இல்லயா?

கேம்ப்பை மட்டும் தனியா எடுத்தா நான் அந்த வார்த்தையைப் போட மாட்டேன், காரணம் முந்தின பதில்ல இருக்கு. ஆனா அந்த வார்த்தை காத்துல இருந்து வரல. 1865ல அமெரிக்காவுல அடிமை முறையை ஒழிச்ச 13ஆம் சட்டத்திருத்தத்துலயே, குத்தத்துக்குத் தண்டனையா இருந்தா மட்டும் கட்டாய வேலை வாங்கலாம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் தெற்கு மாநிலங்கள்ல வேலை இல்லாம சும்மா நின்னாங்கன்னெல்லாம் சொல்லி கறுப்பின மக்களைப் பிடிச்சு உள்ள போட்டு, அவங்கள சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டது அந்த ஓட்டை வழியா தான். அதனால கைதி, கூலி இல்லாத வேலை, அரசாங்கத்துக்கு லாபம்னு மூணும் ஒண்ணா வந்தாலே அங்க இருக்கறவங்களுக்கு அந்த பழைய காயம் வலிக்கும். அத ஓவர்னு தள்ள முடியாது.

கொலராடோ, டென்னசி, அலபாமா மாதிரி சில மாநிலங்கள் அவங்க மாநில அரசியலமைப்புல இருந்து இந்த விதிவிலக்கை ஓட்டு போட்டு எடுத்துட்டாங்க. கலிஃபோர்னியாவுல 2024 நவம்பர்ல ப்ரொபோசிஷன் 6னு அதே கேள்வி ஓட்டுக்கு வந்துச்சு, தோத்துப் போச்சு. ரெண்டே மாசத்துல லாஸ் ஏஞ்சலீஸ் எரிஞ்சுது.

வேலை எவ்வளவு ஆபத்து? செத்துருக்காங்களா?

செத்துருக்காங்க. 2016ல மாலிபு மலையில 22 வயசு பொண்ணு ஒருத்தி மேல பாறை உருண்டு விழுந்து இறந்துட்டா, கலிஃபோர்னியாவுல தீ அணைக்கும்போது இறந்த முதல் பெண் கைதி அவ. 2017ல ஒருத்தர் மேல மரம் விழுந்துச்சு, அதே வருஷம் இன்னொருத்தர் செயின்சா வெட்டுப்பட்டு இறந்தாரு. ரெண்டு பேருமே இருபதுகள்ல இருந்த பசங்க.

அரிசோனாவுல நடந்தது இதைவிட கொடுமை. 1990 ஜூன் 26, டூட் தீன்னு சொல்லுவாங்க, வாக் மோர் கேன்யன்ங்குற பள்ளத்தாக்குல பெரிவில் ஜெயில் க்ரூ வேலை பாத்துட்டு இருந்துச்சு. தீக்கு மேல எழும்பின புகையும் மேகமும் இடிமழையா மாறி, அப்படியே சரிஞ்சு கீழ்நோக்கி காத்து அடிச்சுது, தீ ஓடி வந்து பள்ளத்தாக்கை அடைச்சிருச்சு. 6 பேர் செத்தாங்க, 5 பேர் கைதிங்க, ஒருத்தர் அவங்க கூட போன ஜெயில் அதிகாரி. தீக்குக் கைதி, காவலர்னு வித்தியாசம் தெரியல.

அடிபடுறது பத்தி டைம் பத்திரிகை 2018ல அரசாங்க ரெக்கார்டை வாங்கிப் பாத்து எழுதுச்சு: அதே தீயில வேலை பாக்குற தொழில்முறை தீயணைப்பு வீரர்களை விட கைதிங்களுக்கு, ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்கு போட்டா, வெட்டு, எலும்பு முறிவு மாதிரி காயம் 4 மடங்குக்கு மேல, புகை உள்ள போய் பாதிக்கிறது 8 மடங்குக்கு மேல. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், கைதிங்க எல்லாருமே இந்த மண் வெட்டுற க்ரூல தான் இருக்காங்க, மத்தவங்க கணக்குல லாரி ஓட்டுறவங்க எல்லாம் சேர்த்தி, அதனால வித்தியாசம் பூரா அலட்சியத்தால வந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா அப்படிப் பாத்தாலும், இருக்கறதுலயே அதிகம் அடிபடுற வேலையை இருக்கறதுலயே கம்மி கூலிக்காரங்களுக்குக் குடுத்திருக்காங்கன்னு தானே வருது.

ட்ரெயினிங் குடுக்குறாங்களா இல்ல அப்படியே தள்ளி விட்டுறாங்களா?

குடுக்குறாங்க. 4 நாள் வகுப்பு, 4 நாள் களத்துல. கால் ஃபயர் சீசனுக்கு எடுக்குற ஆளுங்களுக்குக் குடுக்குற ஆரம்ப ட்ரெயினிங்கும் இதுவும் ஒண்ணு தான்னு ஜெயில் துறை சொல்லுது. க்ரூவை கூட்டிட்டுப் போற கேப்டன் கால் ஃபயர் ஆளு, அனுபவசாலி. ஆனா எல்லா இடமும் இப்படி இல்ல. நெவாடாவுல 2021ல ட்ரெயினிங்ல இருந்த பெண் கைதிங்களை கங்கு அணையாத மண்ணுல நிக்க வச்சாங்க, பூட்ஸ் உருகி காலெல்லாம் வெந்து போச்சு, வலிக்குதுன்னு சொன்னதைக் காதுல வாங்கலன்னு அவங்க சார்பா கேஸ் போட்டாங்க. வெளிய வேலை பாக்குறவன் சூடு தாங்கலன்னா இறங்கி நடந்துருவான். கைதி இறங்கினா அது கீழ்ப்படியாமை, அவன் ரெக்கார்டுல ஏறும், கழிஞ்ச நாள் திரும்ப ஏறலாம். வேலை ஒண்ணாவே இருந்தாலும் இந்த ஒரு வித்தியாசம் உயிருக்கு சம்பந்தப்பட்டது.

போனவங்களே வாழ்க்கையே மாறிப்போச்சுன்னு பேட்டி குடுக்குறாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்?

அவங்க சொல்றத நான் நம்புறேன். ஊர்க்காரங்க ரோட்டோரம் நின்னு கை தட்டி நன்றி போர்டு பிடிச்சிருக்கறத பாத்து, வாழ்க்கையில முதல் தடவையா என்னை மனுஷனா பாத்தாங்கன்னு சொன்னவங்க நிறைய பேர். கூட நிக்கறவன் உயிர் தன் கையில இருக்குங்குற பொறுப்பு ஒரு ஆளை மாத்தும். வெளிய வந்து அதே தொழில்ல சேரணும்னு துடிக்கிறவங்க இருக்காங்க. இந்த ப்ரோகிராமை மூடணும்னு பேசுறவங்க மேல கோவப்படுறதும் பெரும்பாலும் இவங்க தான்.

ஆனா ஒருத்தருக்கு நல்லது நடந்ததும் அவரை சுரண்டினதும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். அவங்களுக்கு மரியாதையும் வேணும், கூலியும் வேணும், ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணு எதுக்குன்னு கேக்க முடியாது. கேம்ப்ல இருந்தவங்களே "வேலை பிடிச்சிருந்துச்சு, சம்பளம் அநியாயம்"னு ஒரே மூச்சுல சொல்றாங்க, அதுல முரண்பாடு ஒண்ணும் இல்ல.

இவங்க தேவைங்கறதுக்காக மாநிலம் ஆளுங்கள வெளிய விடாம வச்சிருக்குமா? சதிக் கதை மாதிரி இருக்கே

சதின்னு சொல்ல வேண்டாம், கோர்ட்ல எழுத்துலயே இருக்கு. கலிஃபோர்னியா ஜெயில்ல நெரிசல் தாங்க முடியாத அளவுன்னு 2011ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஆளைக் குறைக்கச் சொல்லிடுச்சு. அதோட தொடர்ச்சியா, கேம்ப்ல குடுக்குற அந்த ஒரு நாளுக்கு 2 நாள் கழிவை குறைஞ்ச பாதுகாப்புல இருக்குற மத்த கைதிங்களுக்கும் குடுங்கன்னு பேச்சு வந்தப்போ, 2014ல மாநிலத்தோட வக்கீலுங்க எதிர்த்து வாதாடினாங்க: எல்லாருக்கும் குடுத்தா கேம்ப்புக்கு யாரு வருவாங்க, தீ சீசன்ல அது ஆபத்துன்னு. அப்ப அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தோட தலைமை வக்கீல், கமலா ஹாரிஸ். இது வெளிய வந்ததும் தன் ஆபீஸ்லயே இப்படி வாதாடினது தனக்கு அதிர்ச்சியா இருந்துச்சுன்னு அவங்களே சொன்னாங்க.

யாரோ கெட்ட எண்ணத்தோட பண்ணதா நான் நினைக்கல. மலிவான கூலியாளுங்க மேல ஒரு துறை சாஞ்சு பழகிட்டா இப்படித்தான் யோசிக்க வரும். முதல் கேள்வியில கோவிட் சமயத்துல க்ரூ பத்தாம போனதை சொன்னேன்ல, அப்பவும் ஆளுங்க விடுதலை ஆகுறது நல்ல செய்தியா இல்லாம ஒரு பற்றாக்குறையா பேசப்பட்டுச்சு. எனக்கு இந்த விஷயத்துல கூலியை விட பெரிய பயம் இது தான்.

சரி, வெளிய வந்தா தீயணைப்பு வேலை ஈஸியா கிடைச்சிரும்ல? அனுபவம் இருக்கே

பல வருஷமா இல்ல. ஊர் தீயணைப்புத் துறைங்க பெரும்பாலும் ஈஎம்டி சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதாவது ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்றவங்களுக்கான லைசென்ஸ். பெரிய குத்தத்துல தண்டனை அனுபவிச்சவங்களுக்கு கலிஃபோர்னியாவுல அந்த லைசென்ஸ் விடுதலையாகி 10 வருஷம் வரை கிடையாது, ரெண்டு கேஸ் இருந்தா அதோட கதவு மூடிரும். கைதியா இருக்கும்போது தீக்கு நடுவுல நிறுத்தலாம், விடுதலையான அப்புறம் அதே வேலைக்குத் தகுதி இல்லைன்னு சொன்னா அத எந்த நியாயத்துல சேக்குறது?

2020 செப்டம்பர்ல ஒரு சட்டம் வந்துச்சு, கேம்ப்ல நல்லபடியா வேலை பாத்தவங்க விடுதலைக்கு அப்புறம் கோர்ட்ல மனு போட்டு தண்டனையை நீக்கச் சொல்லி கேக்கலாம், நீக்கினா லைசென்ஸ் வாங்குறதும் சுலபமாகும். நல்ல சட்டம். ஆனா தானா நடக்காது, மனு போடணும், வக்கீல் வேணும், நீதிபதி ஒத்துக்கணும். 2018ல கேமரில்லோவுல வெஞ்சுரா ட்ரெயினிங் சென்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பரோல்ல இருக்கறவங்களுக்கு 18 மாசம் ட்ரெயினிங் குடுத்து வேலைக்குத் தயார் பண்றாங்க. கேம்ப்ல இருந்து வந்தவங்களே சேர்ந்து, பின்னாடி வர்றவங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்க ஒரு அமைப்பும் நடத்துறாங்க. கால் ஃபயர், மத்திய அரசோட வனத்துறை மாதிரி இடங்கள்ல ஈஎம்டி இல்லாமலும் சில வேலை கிடைக்கும். வழி இருக்கு, ஆனா குறுகல். கேம்ப் முடிச்சு வெளிய வர்ற அன்னைக்கே இந்த மனு வேலையை மாநிலமே செஞ்சு குடுத்தா என்ன குறைஞ்சிரும்னு எனக்குப் புரியல.

மத்த மாநிலத்துலயும் இப்படித்தானா?

ஒவ்வொண்ணும் ஒரு விதம். அரிசோனா, நெவாடா, ஓரிகன், வாஷிங்டன் எல்லாத்துலயும் கைதி க்ரூ உண்டு. ஜார்ஜியா இதுல தனி ரகம், அங்க கைதிங்க ஜெயில்லயே இருக்குற ஃபயர் ஸ்டேஷன்ல இருந்து பக்கத்து ஊர்ல வீடு தீப்பிடிச்சாலும் கார் மோதினாலும் வண்டி எடுத்துட்டுப் போறாங்க, சம்பளம் கிடையாது. இந்த கணக்குல பாத்தா கலிஃபோர்னியா கொஞ்சம் மேல்னு சொல்றவங்க இருக்காங்க. மோசமானதைக் காட்டி மத்ததை நல்லதுன்னு சொல்றது எனக்கு ஒப்பல.

முழு சம்பளம் குடுக்கணும்னு கேட்டா செலவு தாங்காம மூடிருவாங்க. கடைசியில கைதிக்குத் தானே நஷ்டம்?

இந்த விஷயத்துல இருக்கறதுலயே கஷ்டமான கேள்வி இது, இதுக்கு சுலபமா பதில் சொல்றவங்கள நம்பாதீங்க. கூலி ஏறினா க்ரூ எண்ணிக்கை குறையலாம், குறைஞ்சா சில பேருக்கு அந்த 2 நாள் கழிவும் போகும், திறந்த வெளியும் போகும். அந்த இழப்பு நிஜம்.

ஆனா கணக்கை கொஞ்சம் திருப்பிப் பாருங்க. இந்த ப்ரோகிராமால வருஷத்துக்கு 10 கோடி டாலர் பக்கம் மிச்சம்னு அதிகாரிங்களே பல வருஷமா பெருமையா சொல்லிட்டு வந்தாங்க. அந்த மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? அந்த க்ரூக்களோட பைக்குப் போகாத கூலி தான் அது. கலிஃபோர்னியா தீ அணைக்க மட்டும் சில வருஷத்துல 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணுது, விமானத்துக்கும் கெமிக்கலுக்கும் கான்ட்ராக்டுக்கும் பணம் இருக்கு, மண்ணை வெட்டுற கைக்குத் தான் இல்லன்னா அது வசதி இல்லாததால இல்ல. அதோட, நாள் கழிவையும் நல்ல சாப்பாட்டையும் தீயோட ஏன் கட்டணும்? காட்டு வேலைக்குப் போக முடியாத, உடம்பு சரியில்லாத கைதிக்கும், படிக்கிற கைதிக்கும் அதே அளவு கழிவு குடுத்தா, தீக்குப் போறவன் உண்மையிலேயே அந்த வேலை பிடிச்சுப் போவான். 2014ல மாநிலம் பயந்தது இதுக்குத் தான்.

கைதிங்க மலிவா கிடைக்கிறதால வெளிய இருக்குற தொழிலாளிக்கு வேலை போகாதா?

போகும், இல்லன்னா வேலை இருந்தும் சம்பளம் ஏறாது. கைதி க்ரூவுக்கும் வெளி க்ரூவுக்கும் நடுவுல செலவு வித்தியாசம் இருக்குற வரைக்கும் ஆட்சியில இருக்கறவங்களுக்கு வெளி ஆளை எடுக்க ஆசை வராது. கைதிக்கு சம கூலி கேக்குறது வெளிய இருக்கறவனுக்கும் நல்லது தான். ரெண்டு பேரையும் மோத விடுறவங்க இத சொல்றதே இல்ல.

அப்ப பேசாம மொத்தமா நிறுத்திட்டா?

நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினா அவங்க திரும்பிப் போறது மேல சொன்ன அந்த நெரிசலுக்கும் சென்ட் கணக்கு கூலிக்கும். நிறுத்தணும்னு சொல்றவங்க வாதத்துலயும் நியாயம் இருக்கு: விடுதலை தேதியே கூலியா இருக்குற வரைக்கும் எந்த சம்மதமும் சுத்தமா இருக்காது, அதனால கூலியை ஏத்தினாலும் அடிப்படை மாறாதுன்னு சொல்றாங்க. அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. கழிவை எல்லாருக்கும் பொதுவாக்கிட்டா அந்த வாதத்தோட பலம் பாதி போயிரும்னு மட்டும் நினைக்கிறேன்.

தீ வந்து என் வீட்டை கைதி க்ரூ தான் காப்பாத்துனாங்கன்னா, நான் அதை ஏத்துக்கறதே தப்பா?

இத கேட்டவங்களோட உறவுக்காரங்க அந்தப் பக்கம் இருக்காங்க, நிஜமாவே உறுத்திருக்கு. தப்பே இல்ல. தீ வரும்போது வர்றவங்க யாருன்னு பாக்குற நேரம் இல்ல அது, அவங்களும் உங்க வீடு நிக்கணும்னு தான் வெட்டுறாங்க. நன்றி சொல்லுங்க, நேர்ல பாத்தா மனுஷன்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க, ஆனா க்ரூ கேப்டன்கிட்ட கேட்டுட்டு பேசுங்க, சாப்பாடு குடுக்கணும்னாலும் அவர்கிட்ட கேளுங்க, ஏன்னா விதியை மீறினா மாட்டிக்கிறது நீங்க இல்ல, அந்தக் கைதி.

அப்புறம் அங்க ஓட்டு இருக்குன்னா, ப்ரொபோசிஷன் 6 மாதிரி ஒண்ணு மறுபடி வரும்போது ஒரு நிமிஷம் படிச்சுட்டு போடுங்க. 2024ல அது தோத்ததுக்கு எதிர்த்துப் பிரச்சாரம்னு பெருசா ஒண்ணும் நடக்கல, எதிர் வாதமே யாரும் அதிகாரபூர்வமா எழுதிக் குடுக்கல. அப்படியும் பாதிக்கு மேல வேண்டாம்னு போட்டாங்க.